பார்க்கிறவர்கள் கூப்பிட்டால் வருவார்களா?



உங்கள் வீட்டில் வயதான தாயோ தகப்பனாரோ இருந்து, அவர்களுக்கு மறதி நோயும் வந்துவிட்டதென்றால், இந்தக் கட்டுரையின் முதல் பகுதியை நான் எழுத வேண்டியதே இல்லை. நான் சொல்லப்போவது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

என் தாயாருக்கு இப்போது 78 வயது. 35 ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். அவர் வெட்டிய தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் என்று பேருக்கு ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனையாகிவிட்டது. ஆனால் அம்மாவுக்கு மட்டும் விடியற்காலை நான்கரை மணிக்குப் பிரட்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எழுந்திருப்பார், தலையில் துணியைச் சுற்றிக்கொள்வார், சத்தமில்லாமல் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு முறை பெரிய சாலை வரைக்கும் போய்விட்டார். இரண்டாவது முறை ஒரு லாரிக்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். "பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி பேரு கூப்பிட்டுருவாருன்னு அழுவுறாங்கம்மா" என்றார் அந்த மனிதர். அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நானும் வேலைக்குப் போகிறவள், என் கணவரும் வேலைக்குப் போகிறவர். கடைசியில் பட்டணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அம்மாவைச் சேர்த்தோம். பெற்றவளை இல்லத்தில் விட்டவள் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். இரவெல்லாம் கதவருகே பாய் போட்டுப் படுத்தவளுக்குத்தான் அது தெரியும்.

சேர்த்த அன்று இல்லத்தின் நிர்வாகி என்னை அலுவலகத்துக்குள் அழைத்துப்போய் ஒரு பெரிய டெலிவிஷன் பெட்டியைக் காட்டினார். அதில் எட்டுக் கட்டம். எட்டுக் கட்டத்திலும் எட்டு இடம்: வாசல், சாப்பாட்டுக் கூடம், நடைபாதை, பின்கட்டு. "பாருங்க டீச்சர், ஒரு மூலை விட்டுப்போகாது" என்றார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. நீட்டிய தாளில் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

நான்காவது மாதம் அம்மா நடைபாதையில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. நான் போனதும் பதிவை ஓட்டிக் காட்டினார்கள். படம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பிற்பகல் 2.10-க்கு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார், கால் இடறுகிறது, உட்கார்ந்தாற்போல விழுகிறார். 2.31-க்கு ஒரு பணிப்பெண் ஓடிவந்து தூக்குகிறார். நடுவில் 21 நிமிடம். அந்த 21 நிமிடமும் அம்மா காமிராவுக்கு நேர் கீழேதான் கிடந்தார். காமிரா பார்த்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்த நாற்காலி காலி.

நான் அந்தப் பணிப்பெண்ணைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் இன்னொரு பாட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையை வைத்துக்கொண்டு அவர் எத்தனை இடத்தில் நிற்பார்? ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனிதர்கள் பார்க்க முடியாவிட்டால், அந்தக் காமிராக்களே பார்த்து, இந்த அம்மா இங்கே இருக்கிறார், அந்த ஐயா அங்கே நடக்கிறார் என்று கணக்கு வைத்துக்கொள்ள முடியாதா? இதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் நான் ஓர் ஆராய்ச்சியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்குச் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

15 காமிரா, 13 ஆட்கள், 6 நிமிடம்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்றொரு நகரம். ஒரு காலத்தில் எஃகு ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள், வயதானவர்களைக் கவனிப்பதற்குக் காமிரா உதவுமா என்று பார்ப்பதற்காக 'கேர்மீடியா' என்றொரு திட்டம் நடத்தினார்கள். 2005-ம் ஆண்டு ஒரு முதியோர் இல்லத்துக்குள் 15 காமிராக்களை வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் பதிவில் 6 நிமிடத்துக்குச் சற்று அதிகமான ஒரு பகுதியை எடுத்து, அதில் நடமாடிய 13 பேரையும் யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று கணினியே சொல்லவேண்டும் என்று முயன்றார்கள். ஷோ-ஐ யூ, யீ யாங், அலெக்சாண்டர் ஹாப்ட்மன் என்ற மூவர் இதைச் செய்து, 2013 ஜூன் மாதம் போர்ட்லந்து நகரில் நடந்த விஞ்ஞான மாநாட்டில் வெளியிட்டார்கள்.

உங்கள் பிள்ளைகள் 'ஹாரி பாட்டர்' கதை படித்திருப்பார்கள், அல்லது படமாகப் பார்த்திருப்பார்கள். அதில் ஒரு மாய வரைபடம் வரும். பள்ளிக்கூடத்துக்குள் யார் எங்கே நடந்தாலும் அவர்கள் பெயரும் காலடியும் அதில் நகரும். அந்த வரைபடத்தின் பெயரையே இந்த விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள்.

ஆறு நிமிடம்தானா என்று சிரித்துவிடாதீர்கள். ஒரு காமிரா வினாடிக்கு 30 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 நிமிடத்துக்கு 10,800 படம். 15 காமிராவுக்கு 162,000 படம். ஒவ்வொரு படத்திலும் தெரிகிற ஒவ்வோர் உருவமும் யாருடையது என்று பேர் எழுதவேண்டும். எங்கள் பள்ளியில் 43 பிள்ளைகளின் பதிவேட்டை எழுதுவதற்கே எனக்குக் கை வலிக்கிறது.

இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சிரமமில்லை. காமிரா சுவரில் அசையாமல் இருக்கிறது. படத்தில் இந்தப் புள்ளி தரையில் எந்த இடம் என்று முன்கூட்டியே அளந்து வைத்துவிடலாம். ஆளின் பாதம் படத்தில் எங்கே இருக்கிறதோ, அதை வைத்துக் கட்டடத்தின் வரைபடத்தில் ஒரு புள்ளி போட்டுவிடலாம். எல்லாக் காமிராவின் கடிகாரமும் ஒன்றாக ஓடவேண்டும், அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் அடுத்த கேள்வியில் இருக்கிறது. அந்தப் புள்ளி யார்?

வகுப்பறையில் ஒரு விளையாட்டு

இது எவ்வளவு கஷ்டம் என்று பார்க்க என் பிள்ளைகளை வைத்தே ஒரு சோதனை செய்தேன். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மூன்று வகுப்பறை சன்னல்களில் மேல் பாதியை மணிலா அட்டையால் மறைத்தோம். சன்னலுக்கு உள்ளே ஒவ்வொரு பிள்ளை காவல். கையில் கடிகாரமும் தாளும். வெளியே 13 பிள்ளைகள் தாழ்வாரத்தில் இஷ்டம்போல் நடக்கவேண்டும். காவல் இருப்பவர்களுக்குக் கழுத்துக்குக் கீழேதான் தெரியும், முகம் தெரியாது. யார் எத்தனை மணிக்குக் கடந்தார்கள் என்று எழுதவேண்டும். ஆறு நிமிடம்.

முதல் நிமிடத்திலேயே கூச்சல். "டீச்சர், எல்லாரும் ஒரே உடுப்பு டீச்சர்!" ஆமாம், பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் நீலப் பினபோர், பையன்கள் எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை. பிறகு மெல்ல மெல்லப் பழகினார்கள். ஒருத்தி சப்பாத்தை வைத்துக் கண்டுபிடித்தாள், ஒருவன் நடையை வைத்து. இரண்டாம் சன்னலில் இருந்த பையன் படு கெட்டிக்காரன், மூன்றாம் சன்னலைப் பார்த்துக் கத்தினான்: "இப்ப என்னைத் தாண்டுனவன் அடுத்தது உன்கிட்டதான் வருவான், எழுதிக்கோ!" அது விஞ்ஞானிகள் செய்கிற வேலையேதான். ஒரு காமிராவை விட்டு வெளியே போனவர் காற்றில் கரைந்துவிடமாட்டார். சில வினாடியில் பக்கத்துக் காமிராவில் வந்தே தீருவார்.

நம்மில் பழைய ஆட்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ரப்பர்க் காட்டில் மண்டோர் என்ன செய்தார்? எல்லா ஆளையும் எல்லா நேரமும் அவர் பார்த்ததில்லை. இந்த நிரையில் நுழைந்தவள் இத்தனை மரம் வெட்டி அந்தப் பக்கம் வெளியே வருவாள் என்று அவருக்குத் தெரியும். மரத்துக்கு மறைவில் போன ஆள் யார் என்று அவர் பார்க்காமலே சொல்வார்.

தவறு நடந்தது எங்கே தெரியுமா? கழிப்பறைக்குப் பக்கத்தில். அங்கே சன்னல் கிடையாது. ஒரே உயரமுள்ள இரண்டு பெண்பிள்ளைகள் உள்ளே போனார்கள். சேர்ந்தே வெளியே வந்து ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள். காவலிருந்தவள் ஒருத்தியை இன்னொருத்தியாக எழுதிவிட்டாள். அதன் பிறகு அவள் எழுதியதெல்லாம் அழகான கையெழுத்தில், நேரமும் சரியாக, ஆள் மட்டும் மாறிப்போய் இருந்தது. ஒருத்தி செய்ததெல்லாம் மற்றவள் கணக்கில் ஏறிவிட்டது. இரண்டு பேரும் பிறகு வந்து, "நான் அங்கே போகவே இல்லை டீச்சர்" என்று சண்டை போட்டார்கள். தாளில் எழுதியிருக்கிறதே என்று மற்றப் பிள்ளைகள் சாதித்தார்கள். விளையாட்டாகத் தொடங்கிய எனக்கு அந்த இடத்தில் மனம் சற்றுத் துணுக்குற்றது.

பிட்ஸ்பர்க்கிலும் இதே தொல்லைகள்தான். நடைபாதையில் ஒருவர் மற்றவரை மறைப்பார். நாற்காலி மேசை மறைக்கும். ஆள் அறைக்குள் போய்விட்டால் காமிரா இல்லை. உடையின் நிறத்தை நம்பலாம் என்றால், ஓரிடத்தில் வெயில், ஓரிடத்தில் விளக்கு வெளிச்சம். ஒரே சேலை இங்கே ஒரு நிறம், அங்கே ஒரு நிறம் என்பது போல, ஒரே ஆள் இரண்டு காமிராவில் இரண்டு உடை உடுத்தியவர் போலத் தெரிவார். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். ஆனால் கணினி முகத்தை அடையாளம் காணமுடிந்தது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான படங்களில்தான். மற்றதெல்லாம் முதுகும் பக்கவாட்டும்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், எந்த ஒரு சாட்சியையும் தனியாக நம்பவில்லை. நிறம், நடக்கும் பாதை, முகம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். முகம் தெரிந்த இடத்தில் பேர் உறுதியாகிறது. அந்தப் பேரை, நேரத்தாலும் இடத்தாலும் தோற்றத்தாலும் பக்கத்தில் இருக்கிற உருவங்களுக்கு முன்னும் பின்னும் பரவ விட்டார்கள். கூடவே இரண்டு கண்டிப்பான விதி வைத்தார்கள். ஓர் உருவத்துக்கு ஒரு பேர்தான் இருக்கவேண்டும். ஒரு பேருக்கு உரியவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கக்கூடாது. கேட்டால் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் போலிருக்கிறது. கணினிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும்.

பலன் என்ன? நூற்றுக்கு 88 பங்கு நேரம், ஆள் உண்மையில் இருந்த இடத்துக்கு ஒரு மீட்டர் சுற்றுக்குள் சரியாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன் இருந்த இரண்டு முறைகளைக் கொண்டு அதே படத்தைப் பார்த்தபோது ஒன்று 35 விழுக்காடு, இன்னொன்று 56 விழுக்காடுதான். முகத்தை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். 88 சட்டென்று 58-க்கு இறங்கிவிட்டது. பத்தில் ஒரு பங்குகூடத் தெரியாத முகம்தான் மீதி எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்திருக்கிறது.

ஆசிரியை என்ற முறையில் 88 மதிப்பெண் என்றால் முதுகில் தட்டிக்கொடுப்பேன். ஆனால் ஒரு நாளைக்கு 24 மணி நேரம். அதே விகிதத்தை நீட்டிப் பார்த்தால் ஒரு நாளில் ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் அம்மா எங்கே என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அல்லது வேறோர் அம்மாவை என் அம்மா என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். என் அம்மா கிடந்ததோ 21 நிமிடம்தான். அதோடு, அந்த 2013 ஆராய்ச்சி, எடுத்து வைத்த படத்தைப் பிறகு உட்கார்ந்து அலசியது. நடக்கிற நேரத்திலேயே சொல்வதற்கும், நீண்ட நேரம் தொடர்வதற்கும் இன்னும் வேலை இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். அதற்குப் பிறகு இந்தத் துறை வெகுதூரம் வளர்ந்துவிட்டது. ஆள் விழுந்தால் மணியடிக்கும் காமிராவை இப்போது விலைக்கு வாங்கலாம். ஆனால் ஆளை மாற்றி எழுதிவிடும் அந்தத் தொல்லை முழுதும் ஒழிந்துவிட்டதென்று யாரும் சொல்லவில்லை.

எதற்காகப் பின்தொடர வேண்டும்?

ஹாப்ட்மன் குழுவினரின் நோக்கம் எனக்குப் பிடித்திருந்தது. யாரையும் உளவு பார்ப்பதல்ல, சிறு சிறு மாறுதல்களைக் கவனிப்பவர்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் நோக்கம் என்றார்கள். தினமும் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து வருகிறவர் இந்த வாரம் இரண்டு நாள் வரவில்லை. எல்லாரோடும் உட்கார்ந்து பேசுகிறவர் இப்போது தனியாக மூலையில் இருக்கிறார். நடை மெதுவாகிவிட்டது. நோய் வருவதற்கு முன் இவையெல்லாம் வரும். வீட்டில் என்றால் மகள் கண்ணில் படும். நமது தோட்டங்களில் ஆயாக்கொட்டகை இருந்த காலத்தில், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளில் எது இன்று பால் குடிக்கவில்லை என்று ஆயா சொல்லிவிடுவாள். பால் வெட்டிவிட்டு வருகிற தாய்க்கு அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வரும். இல்லத்தில் அந்தக் கண் வேண்டும். அந்த அளவுக்கு இயந்திரம் உதவினால் வேண்டாம் என்று நான் சொல்வேனா?

இன்னொன்றும் பிடித்திருந்தது. அந்த ஆராய்ச்சியில் பின்தொடரப்பட்ட எல்லாரும் சம்மதித்த பிறகே அது நடந்தது. முகமும் உடம்பும் தெரியாமல், ஆளின் வெளிக்கோட்டை மட்டும் பதிவு செய்கிற வழியையும் தேடினார்கள். தூரத்தை அளக்கிற ஒருவகைக் காமிரா இருக்கிறது. பிள்ளைகளின் வீடியோ விளையாட்டுக்காக வந்த கினெக்ட் என்ற கருவி போன்றது. அதில் பார்த்தால் ஒரு நிழல் நடப்பது போல இருக்கும். விழுந்தால் தெரியும், யார் உடுத்தியது என்ன, அவிழ்ந்தது என்ன என்பது தெரியாது. நம் தாய்மார்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் முகத்தை வைத்து ஆளைச் சொல்கிற அதே வித்தை வேறு கைக்குப் போனால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். அதே அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் 2018-ம் ஆண்டு ஒரு கைக்கடிகாரக் கடையில் திருட்டு நடந்தது. கடைக்குள் இருந்த காமிராவில் திருடனின் மங்கலான உருவம் பதிவாயிற்று. போலீசார் அந்தப் படத்தை முகம் தேடும் கணினியில் போட்டார்கள். அது ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரின் பழைய ஓட்டுநர் உரிமப் படத்தைக் காட்டியது. 2020 ஜனவரியில் அவர் வீட்டு முற்றத்தில், மனைவியும் இரண்டு சிறு பெண்பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, அவரைக் கைவிலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 30 மணி நேரம் காவலில் இருந்தார். அவர் அந்தத் திருடரே அல்லர். வழக்குப் போட்டார், 2024-ல் நகர நிர்வாகம் 300,000 அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கணினி காட்டிய முகத்தை மட்டும் வைத்து இனி யாரையும் கைது செய்வதில்லை என்றும் போலீசார் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்த இரண்டு பெண்பிள்ளைகள் பார்த்த காட்சியை எந்தப் பணம் அழிக்கும்?

என் சன்னலில் காவலிருந்த பெண் எழுதிய தாள் எனக்கு நினைவுக்கு வந்தது. நம் பிள்ளைகள் இன்று தொழிற்சாலையிலும் பேரங்காடியிலும் வேலை செய்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே சீருடை. தலைக்கு மேலே காமிரா. யார் எத்தனை நிமிடம் எங்கே நின்றார்கள் என்று ஒரு தாள் வந்தால், அதில் ஆள் மாறியிருக்கலாம் என்று சொல்லும் தைரியம் அவர்களுக்கு இருக்கவேண்டும். இயந்திரம் சொல்லிவிட்டது என்றால் வாயடைத்துப் போகக்கூடாது.

அம்மாவிடம் கேட்டேன்

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஒன்று உறுத்தியது. இல்லத்தில் சேர்த்த நாளன்று நீட்டிய தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அம்மாவைக் கேட்கவே இல்லை. மறதிக்காரியிடம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் போனபோது அம்மாவுக்கு நினைவு நன்றாக இருந்த நேரம். நடைபாதையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மேலே காமிராவைக் காட்டி, "அம்மா, அது உன்னையே பாத்துக்கிட்டு இருக்கு, தெரியுமா?" என்று கேட்டேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். முந்தானையை இழுத்துத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"யாரு பாக்குறா?"

"ஆபீஸ்ல இருக்கவங்க."

"பாக்குறவங்க கூப்பிட்டா வருவாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அம்மா சற்று நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "குளிக்கிற எடத்துல வேணாம்னு சொல்லு. வெளிய இருந்தா இருந்துட்டுப் போவுது. மண்டோரு பாக்காததா?" பிறகு பேச்சு எங்கேயோ போய்விட்டது, ஒட்டுப்பால் சாக்கை யாரோ மாற்றி எடுத்துக்கொண்டு போனதைப் பற்றி வெகுநேரம் கோபித்துக்கொண்டார்.

அன்றைக்கே நிர்வாகியைப் பார்த்து நான்கு விஷயம் கேட்டேன். பகலில் எந்தெந்த நேரம் அந்தப் பெட்டிக்கு முன்னால் ஆள் இருக்கிறார்? படங்களை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், வெளியார் யாரும் பார்க்கிறார்களா? குளியலறைப் பக்கம் திரும்பியிருக்கும் காமிராவை எடுப்பீர்களா? நடைபாதையில் விழுந்தால் மணியடிக்கும் கருவி வைப்பீர்களா?

இப்படிக் கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறதா என்று தயங்கும் சகோதரிகளுக்காக ஒன்று சொல்கிறேன். நமது நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒரு சட்டம் உண்டு. 2013 நவம்பர் 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வாணிப முறையில் நடப்பவர்கள் நம்மைப் பற்றிய தகவலை எதற்காகச் சேர்க்கிறார்கள் என்று நமக்குத் தெரிவிக்கவேண்டும். நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று நாம் கேட்கலாம். அரசாங்கத்தை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் மாதாமாதம் வெள்ளியை எண்ணி வாங்கிக்கொள்ளும் தனியார் இல்லம் வாணிபம் செய்கிற இடம்தானே? மரியாதையாகக் கேளுங்கள், முடிந்தால் கடிதமாக எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகி முதலில் முகம் சுளித்தார். பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். படம் 30 நாள் இருக்கும், பிறகு அதன்மேலேயே புதுப் படம் பதிவாகிவிடும் என்றார். குளியலறைப் பக்கத்துக் காமிராவை அடுத்த வாரமே சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டார்கள். நானே போய்ப் பார்த்தேன். பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை, அதாவது பணிப்பெண்கள் குளிப்பாட்டும் நேரத்தில், பெட்டிக்கு முன்னால் உட்கார ஒருவரைப் போட முடியுமா என்று மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். மணியடிக்கும் கருவிக்குப் பணம் இல்லை என்று கையை விரித்துவிட்டார். அதற்கு உறவினர்கள் சேர்ந்து பணம் போடலாமா என்று அங்கே இருக்கும் மற்ற ஒன்பது குடும்பங்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். இதுவரை நான்கு குடும்பங்கள் பதில் எழுதியிருக்கின்றன.